ஈசானி மூலைத் தொட்டி

நவம்பர் 4, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து ஆணை வந்தது. என் முனைவர் பட்டப் பதிவை மார்ச் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். இது மூன்றாவது நீட்டிப்பு. நான்காவது கிடையாது என்பதை அடிக்கோடிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். கோடு அளவுகோல் வைத்துப் போட்டது; மனம் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

மார்ச்சில் ஆய்வுக்குழு கூடும். முடிவுகளைக் காட்ட வேண்டும். குழு ஏற்றுக்கொண்டால் நான் முனைவர் ஜெனோவா. இல்லையென்றால் ஆறு வருடம் நத்தை வளர்த்த, முப்பத்துமூன்று வயதான ஜெனோவா.

பதற்றம் ஏதும் இல்லை. பதறாமல் உட்கார்ந்து கால் கிலோ முந்திரி மக்ரூனைத் தின்று முடித்தேன்.

நவம்பர் 6, புதன்

தருவைக்குளத்துப் படகுக்காரர் ஒரு கூடை நத்தை கொண்டுவந்து கொடுத்தார். வலையில் மீனோடு ஏறுபவை. புறா முட்டை அளவு, வெள்ளை ஓட்டில் பழுப்புப் புள்ளி. மீனவர்கள் இதைப் புறாமுட்டைச் சங்கு என்பார்கள். நாங்கள் லத்தீனில் ஒரு பெயர் சொல்லிச் சம்பளம் வாங்குகிறோம்.

நான்கு தொட்டிகள். ஒன்றாம் தொட்டியில் வெறும் கடல் நீர். மற்ற மூன்றில் தினமும் மயில்துத்தக் கரைசல், படிப்படியாக அளவு கூட்டி. அதாவது செம்பு. உடம்புக்குள் வரும் செம்பை நத்தை எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் ஆய்வு. ஒன்றாம் தொட்டியோடு ஒப்பிட்டுத்தான் மற்றவற்றைப் பற்றிப் பேச முடியும். அது கெட்டால் எல்லாம் கெட்டது. அதனால் அதை மட்டும் தள்ளி, வடகிழக்கு மூலையில் ஜன்னலருகே வைத்தேன். மற்ற தொட்டிகளின் சொட்டு அங்கே தெறிக்காது.

மாலையில் உலகம்மாள் அக்கா வந்து பார்த்தார். இவர் எங்கள் ஆய்வு மையத்தின் அலுவலகக் கண்காணிப்பாளர். எல்லா அறைச் சாவியும் இவரிடம்தான். இவர் கையெழுத்து இல்லாமல் இங்கே காற்றுக்குழாய் ஒரு குமிழி விடாது. ஆறு வருடத்தில் என் ரசீது ஒன்றைக்கூட நிறுத்தி வைக்காத ஒரே அதிகாரி என்பதையும் எழுத வேண்டும்.

இதில் எது சுத்தமான தொட்டி என்று கேட்டார். காட்டினேன்.

"ஈசானி மூலையிலலா வச்சிருக்க. வெவரமாத்தாம்ட்டி இருக்க."

தெறிக்கக் கூடாது என்பதற்காக அங்கே வைத்ததாகச் சொன்னேன். ரெண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 8, வெள்ளி

காற்றுக்குழாய் ஓடுகிறதா என்று பார்க்கச் சீக்கிரமே போனேன். வராந்தாவில் உலகம்மாள் அக்கா ஒரு செம்புச் சொம்போடு எதிரே வந்தார். நெற்றியில் திருநீறு, காலில் மணல். கடற்கரைக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு வருவாராம். சொம்பு ஏன் என்று கேட்கவில்லை. மேலதிகாரியின் சொம்பைப் பற்றி விசாரிப்பது அலுவலக மரபு அல்ல.

நத்தைகள் நலம்.

நவம்பர் 17, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து மீன் அரிந்துகொண்டிருந்தபோது, நத்தைக்கு என்னதான் வியாதி என்று அம்மா கேட்டாள். ஆறு வருடமாகக் கேட்கிறாள். வியாதி இல்லை என்று ஆறாவது வருடமாக விளக்கினேன்.

நமக்கு இரத்தத்தில் இரும்பு இருப்பதுபோல நத்தைக்குச் செம்பு. அதனால் அதன் இரத்தம் நீலம். செம்பு இல்லாமல் அது மூச்சு விட முடியாது. ஆனால் கொஞ்சம் கூடினாலும் அதே செம்பு விஷம். கடலில் செம்பு கூடினால் நத்தை எங்கே ஓடும்? அது ஓடுகிற வேகம் நமக்குத் தெரிந்ததுதான். அதனால் அது ஓடுவதும் இல்லை, உள்ளே வந்ததை முழுக்க வெளியே தள்ளுவதும் இல்லை. கந்தகம் நிறைந்த ஒரு சின்னப் புரதத்தில் செம்பைச் சுற்றிக் கட்டி, செரிமானச் சுரப்பியில் மணிமணியாக அடுக்கி வைத்துக்கொள்ளும். கட்டிவைத்த செம்பு யாரையும் கடிக்காது. நத்தை அதைச் சுமந்துகொண்டு தன் பாட்டுக்கு ஊர்ந்து போகும்.

அம்மா சாளையின் வயிற்றைக் கீறியபடியே சொன்னாள்: "நீயும் அப்படித்தான். ஈஸ்டருக்கு நான் சொன்ன வார்த்தைய இன்னும் கட்டி வச்சிருக்க."

நான் எதையும் கட்டி வைத்திருக்கவில்லை. அவள் சொன்னது: "என் மகளுக்கு நத்தைதான் மாப்பிள்ளை." சொன்ன இடம் சாப்பாட்டு மேசை. அப்போது சித்திக்குக் கறி பரிமாறிக்கொண்டிருந்தாள். சித்தி சிரித்தாள். எப்போதோ மறந்துவிட்டேன்.

நவம்பர் 29, வெள்ளி

மூன்றாம் தொட்டியில் இரண்டு சாவு. ஒன்றாம் தொட்டியில் ஏதும் இல்லை. எல்லாம் திட்டப்படி.

டிசம்பர் 12, வியாழன்

வழிகாட்டிப் பேராசிரியர் பொன்னுத்துரை தொட்டிகளைப் பார்வையிட்டார். எனக்கு ஆறு வருடமாக வழி காட்டுபவர். அவர் காட்டும் வழி ஒன்றே ஒன்று: "பார்ப்போம்." சோதனை தோற்றாலும் பார்ப்போம், வென்றாலும் பார்ப்போம். இன்று மூன்றாம் தொட்டியில் செத்த நத்தையைக் கையில் எடுத்து, திருப்பி, பார்த்தார். பிறகு பார்ப்போம் என்றார்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்து பிறப்பு. நத்தைகளுக்கு விடுமுறை இல்லாததால் மதியம் மையத்துக்குப் போய்த் தீனி போட்டேன். கருவி அறைத் திரவியமும் வந்திருந்தார். உலோக அளவு பார்க்கும் ஏஏஎஸ் கருவியை இயக்குபவர். தனக்கு இன்று வேலை ஒன்றும் இல்லை, கருவியின் விளக்கைச் சூடாக்கிப் பார்க்க வந்ததாகச் சொன்னார். விடுமுறையில் விளக்கைச் சூடாக்க வேண்டுமென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நிறையக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அம்மா கொடுத்தனுப்பிய கேக்கில் பாதியைக் கொடுத்தேன். நீலச் சட்டை போட்டிருந்தார். இது ஆய்வுக்குத் தொடர்பில்லாதது.

ஜனவரி 20, திங்கள்

ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் சில நத்தைகளை எடுத்து அறுத்தேன். செரிமானச் சுரப்பியை உலர்த்தி, அமிலத்தில் கரைத்து, திரவியத்திடம் கொடுத்தேன். மூன்றாம், நான்காம் தொட்டிகளில் பாதிக்கு மேல் செத்துவிட்டன. ஒன்றாம் தொட்டியில் ஒன்றுகூடச் சாகவில்லை. எல்லாம் கொழுகொழுவென்று இருக்கின்றன. ஒப்பீட்டுத் தொட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஜனவரி 23, வியாழன்

முடிவு வந்தது. ஒன்றாம் தொட்டி நத்தைகளின் உடலில் உள்ள செம்பு, மூன்றாம் தொட்டி நத்தைகளில் இருப்பதற்குச் சமம்.

நான் ஒரு சொட்டுச் செம்பும் விடாத தொட்டி.

திரவியம் கருவியைக் கழுவாமல் ஓட்டியிருக்கிறார் என்று அவர் அறையிலேயே, அவர் உதவியாளர் முன்னிலையிலேயே சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தது வேறு காரணத்துக்காக இருக்கும்.

"திரும்ப ஓட்டிப் பாத்துருவோம் மேடம்," என்றார்.

ஜனவரி 25, சனி

திரும்ப ஓட்டினார். அதே முடிவு. வேறு குப்பியில் மீண்டும் ஓட்டினார். அதே முடிவு. கருவி கழுவித்தான் இருந்திருக்கிறது.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, பார்ப்போம் என்றார்.

மார்ச்சுக்கு இடையில் பிப்ரவரி மட்டும்தான். அதுவும் இருப்பதிலேயே குட்டி மாதம்.

பிப்ரவரி 5, புதன்

செம்பு எங்கிருந்து வருகிறது என்று தேடியதில் இதுவரை: குழாய் பிளாஸ்டிக். காற்றுக்கல் பீங்கான். தொட்டி கண்ணாடி. தீனி சாளை மீன். எல்லாத் தொட்டிக்கும் அதே சாளை, எங்கள் வீட்டுக்கும் அதே சாளை. ஜன்னலைக் கழற்றிப் பார்த்தேன், அலுமினியம். பழைய மின்கம்பியை உறித்துப் பார்த்ததில் மின்சாரம் மட்டும் போனது. தச்சரும் எலக்ட்ரீசியனும் என்னைப் பார்த்தால் இப்போது வேறு பக்கம் போகிறார்கள்.

திரவியம் ஒரு யோசனை சொன்னார். நத்தை அப்படியே இருக்கட்டும், தண்ணீரைத் தினமும் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள், எந்த நாளில் செம்பு ஏறுகிறது என்று பார்ப்போம். அவரும் பார்ப்போம் என்றுதான் சொன்னார். ஆனால் அவர் சொன்னால் அது வேறு சொல்லாக இருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

வெள்ளிக்கிழமை.

வியாழன் மாலை எடுத்த நீரில் செம்பு மிகக் குறைவு. வெள்ளி காலை பத்து மணிக்கு எடுத்ததில் உச்சம். அதன்பிறகு மெல்ல இறங்குகிறது, நத்தைகள்தான் உறிஞ்சிக்கொள்கின்றன. யாரோ வெள்ளிக்கிழமை காலையில் என் தொட்டியில் செம்பைக் கலக்குகிறார்கள்.

எனக்கு எதிரிகள் யாரும் இல்லை. மேல்மாடியில் இறால் ஆய்வு செய்யும் ரவிச்சந்திரன் போன வருடம் என் உறைபெட்டியில் அவர் இறாலை வைத்ததையும், அதற்கு முந்தின வருடம் என் தட்டுகளைக் கேட்காமல் எடுத்ததையும் நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதே இல்லை. இருந்தாலும் ரவிச்சந்திரன்தான் என்று தோன்றியது.

உலகம்மாள் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மார்ச் கூட்டத்தைப் பற்றியும் சொன்னேன். சொல்லும்போது கண்ணில் தூசி விழுந்தது. அவர் எழுந்து வந்து என் தலையைத் தடவினார்.

"எவம்ட்டி அது, நம்ம புள்ள தொட்டில கைய வச்சவன்? நான் பாத்துக்கிடுதேன். நீ போய் சாப்பிடு."

மாலைக்குள் சுற்றறிக்கை ஒட்டிவிட்டார். உயிரினத் தொட்டிகளில் அனுமதியின்றி எதையும் இடுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். கண்காணிப்பாளர் கையெழுத்து, முத்திரை. எனக்குத் துணையாக இந்த மையத்தில் ஒருவராவது இருக்கிறார்.

பிப்ரவரி 14, வெள்ளி

திரவியம் மக்ரூன் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். கருவி சீராக ஓடுவதற்காக என்றார். மக்ரூனுக்கும் கருவிக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. இன்று என்ன தேதி என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான், அதுவும் அம்மா சொல்லித்தான், கவனித்தேன்.

அம்மா பெட்டியின் மீதிருந்த ரிப்பனைப் பத்திரப்படுத்திவிட்டாள்.

பிப்ரவரி 17, திங்கள்

சுற்றறிக்கை ஒட்டிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமையில் செம்பு இரண்டு மடங்கு.

திரவியம் அந்த எண்ணைக் காட்டும்போது 'மேடம்' சொல்ல மறந்துவிட்டார். "ஜெனோவா, இங்க பாருங்க" என்றார். நானும் எண்ணைத்தான் பார்த்தேன்.

எதிரி சுற்றறிக்கைக்கு அஞ்சாதவன். வருகிற வெள்ளி காலையில் நாங்கள் இருவரும் ஆய்வகத்தில் ஒளிந்திருந்து பார்ப்பதாக முடிவு.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஏழரைக்கே போய் உறைபெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். இடம் குறுகல். திரவியம் தும்மலை அடக்கிக்கொண்டார். நான் ரவிச்சந்திரனிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன். நல்ல வாக்கியங்கள். அவை இனி யாருக்கும் பயன்படப் போவதில்லை.

எட்டு மணி வாக்கில் பூட்டு திறந்தது. உலகம்மாள் அக்கா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நெற்றியில் திருநீறு. இரண்டு கையிலும் இரண்டு செம்புச் சொம்பு. நேரே ஈசானி மூலைக்குப் போனார். தொட்டிக்குள் குனிந்து பார்த்து, குழந்தைகளிடம் பேசும் குரலில் நத்தைகளிடம் பேசினார்.

"ஏ புள்ளையளா, மார்ச்சுல கூட்டம். நம்ம ஜெனோவாக்கு நல்லபடியா முடிச்சுக் குடுத்துரணும், என்ன? எவனோ கண்ணு வச்சிருக்கான். அதுக்குத்தான் ரெண்டு சொம்பு."

ஊற்றினார். மெதுவாக, ஒரு துளியும் வெளியே சிந்தாமல்.

நான் எழுந்தேன். அவர் பயப்படவில்லை. தொட்டிக்குக் காவலாகத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டு மகிழ்ந்தார். என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன்.

"தண்ணிதாம்ட்டி. பயப்படாத, கடல் தண்ணி. நல்ல தண்ணி ஊத்துனா இதுக செத்துப்போவும்லா. அதுகூடத் தெரியாமயா இத்தன வருஷம் இங்க இருக்கேன்?"

எப்போது பிடித்தது என்று கேட்டேன். வியாழன் சாயங்காலமே கடற்கரையில் பிடித்து, பூசை அறையில் வைத்துவிடுவாராம். விடிய விடிய சாமியிடம் இருக்கும்.

"இந்தச் செம்புச் சொம்புலயா அக்கா?"

"பின்ன, பிளாஸ்டிக்லயா வைப்பாவ?"

உப்பு நீர். செம்புப் பாத்திரம். ஓர் இரவு முழுதும். சொம்பு வேறு புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. விஷத் தொட்டிகளில் ஊற்ற அவருக்கு மனம் வரவில்லை. சாமி தண்ணீரைச் சுத்தமான தொட்டியில்தானே ஊற்ற முடியும். அதுவும் ஈசானி மூலை, அதுவும் சங்கு இனம். நவம்பரிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும், என் படிப்பு முடிய வேண்டுமென்று.

திரவியம் சொம்பில் மிச்சம் இருந்ததைக் கேட்டார். அவர் தீர்த்தம் கேட்கிறார் என்று நினைத்து, கையை நீட்டச் சொன்னார் அக்கா. திரவியம் குப்பியை நீட்டினார். அப்போதுதான் அக்காவின் முகம் மாறியது. குப்பியைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவருக்கு மேலே விளக்கம் தேவைப்படவில்லை.

"நாந்தானாட்டி அது?" என்றார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கோபம் வந்தது. வந்ததை நான் பார்த்தேன். பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அழுதார். இந்தமுறை எனக்குக் கண்ணில் தூசி ஒன்றும் விழவில்லை. திரவியம் போய் மூன்று டீ வாங்கி வந்தார்.

பிப்ரவரி 24, திங்கள்

ஒரு யோசனை: கடலிலிருந்து புது நத்தைகளை எடுத்து, அளந்து, அதையே ஒன்றாம் தொட்டி என்று எழுதிவிடலாம். யாருக்கும் தெரியாது. யாருடைய யோசனை என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

உலகம்மாள் அக்கா மூன்று நாளாக எல்லாரிடமும் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இயக்குநரிடமும் சொல்லிவிட்டார். தன் மேல் தானே ஒரு விளக்கக் குறிப்பாணை அடித்து, தானே பெற்றுக்கொண்டு, தானே பதிலும் எழுதிக் கோப்பில் வைத்திருக்கிறார். முறைப்படி.

அதனால் அந்த யோசனை கைவிடப்பட்டது.

பிப்ரவரி 28, வெள்ளி

இன்று யாரும் எதையும் ஊற்றவில்லை. உலகம்மாள் அக்கா ஆய்வகம் பக்கமே வரவில்லை. கட்டடமே அமைதியாக இருந்தது. பிடிக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

முந்தாநாள் தருவைக்குளத்துப் படகில் புதிதாக ஒரு கூடை நத்தை வாங்கினோம். கடலில் இருந்து நேரே வந்தவற்றில் எவ்வளவு செம்பு இருக்கிறது என்று பார்த்தோம். புது நத்தை என்றே எழுதியிருக்கிறேன். மிகக் குறைவுதான். திரவியம் ஞாயிற்றுக்கிழமையும் கருவியை ஓட்டினார். விளக்கு இப்போது எப்போதும் சூடாகவே இருக்கிறது.

எண்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது திரவியம் கேட்டார். ஒன்றாம் தொட்டிக்கும் மூன்றாம் தொட்டிக்கும் உடலில் செம்பு கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்படியானால் மூன்றாம் தொட்டியில் பாதி செத்திருக்க, ஒன்றாம் தொட்டியில் ஏன் ஒன்றுகூடச் சாகவில்லை?

ஆறு வருடத்தில் முதல் முறையாக எனக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்று என் ஆய்விலேயே வந்திருக்கிறது. எழுந்து நின்றுவிட்டேன்.

மூன்றாம் தொட்டிக்குச் செம்பு தினமும் வந்தது. ஒன்றாம் தொட்டிக்கு வாரம் ஒரு முறை, மொத்தமாக. நடுவில் ஆறு நாள் ஓய்வு.

மார்ச் 7, வெள்ளி

புரதத்தை அளந்தேன். செம்பைச் சுற்றிக் கட்டும் அந்தச் சின்னப் புரதம் ஒன்றாம் தொட்டி நத்தைகளில்தான் மிக அதிகம். உடலில் உள்ள செம்பில் பெரும்பகுதி கட்டி அடுக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் தொட்டியில் பாதி செம்பு கட்டப்படாமல் திரிகிறது. தினமும் வந்தால் நத்தையால் கட்டி முடிக்க முடியவில்லை. வாரம் ஒரு முறை வந்தால், நிதானமாகக் கட்டி வைத்துவிட்டு, அடுத்த வெள்ளிக்குத் தயாராக இருக்கிறது.

இது உண்மையாக இருக்கலாம். ஒரே ஒரு தொட்டியை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை.

பேராசிரியரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார். "இதை எழுதும்மா," என்றார்.

பார்ப்போம் என்று சொல்லவே இல்லை. கொஞ்சம் பயமாக இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

ஆய்வுக்குழு கூடியது. வெளித்தேர்வாளர் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் நூருன்னிசா. ஆட்களைத் திருப்பி அனுப்புவதில் பெயர் பெற்றவர். அவர் திருப்பி அனுப்பியவர்களே சங்கம் வைக்கும் அளவுக்கு இருப்பார்கள்.

ஒன்றாம் தொட்டி கெட்டுவிட்டது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். சொம்பைப் பற்றியும் சொன்னேன். வெள்ளிக்கிழமைதோறும் என்று சொன்னபோது, ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று நூருன்னிசா கேட்டார். ஊற்றியவரையே கூப்பிட்டுவிட்டார்.

உலகம்மாள் அக்கா பட்டுச்சேலையில் வந்து நின்றார். தண்டனை கிடைக்கும் என்று எண்ணி நல்ல சேலை கட்டி வந்தாராம். ஒரு வாரமாவது விட்டதா, உடம்புக்கு முடியாமல், ஊருக்குப் போய், என்று கேட்டார் நூருன்னிசா.

"விட்டா பலிக்காதுல்லா மேடம்."

பொங்கல்?

"அது செவ்வாக்கெழமலா வந்துச்சு."

சொம்பு அதேதானா, அளவு அதேதானா என்றெல்லாம் கேட்டார். அதே சொம்பு, வாய் வரை. கடைசி இரண்டு வெள்ளி மட்டும் இரண்டு சொம்பு, அது கண் பட்டதற்கு. நூருன்னிசா பேனாவை மூடி வைத்துவிட்டுக் குழுவைப் பார்த்தார். நாற்பது வருடத்தில் இவ்வளவு ஒழுங்காக ஒரு மருந்தளவைக் கடைப்பிடித்த ஆய்வு மாணவரைத் தான் பார்த்ததில்லை என்றார். சொல்லும்போது குழுவை விட்டு என் பக்கம் திரும்பினார்.

பிறகு தீர்ப்பு. இதை இப்படியே ஏற்க முடியாது. இப்படியே தள்ளவும் முடியாது. புதிய கண்டறிதல் என்று குழு எழுத்தில் பரிந்துரைத்தால் இன்னும் ஆறு மாதம் கொடுக்கலாம் என்று விதியில் ஓர் ஓரத்தில் இருக்கிறதாம். இத்தனை வருடம் அதை யாரும் பயன்படுத்தவில்லை, ஏனெனில் யாரும் எதையும் கண்டறியவில்லை. பரிந்துரைத்தார்கள். நிபந்தனை ஒன்று: தினசரிச் செம்பின் எண்கள் கையில் இருப்பதால், வாரம் ஒரு முறை ஊற்றும் சோதனையை மட்டும் ஆறு தொட்டிகளில் முறையாக மறுபடி செய்ய வேண்டும். அதே சொம்பு, அதே கடல் நீர், அதே கை.

என் பதிவு பிழைத்தது. வெளியே வந்தபோது உலகம்மாள் அக்கா, தன்னை எப்போது வேலையை விட்டு எடுப்பார்கள் என்று கேட்டார். புது வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அப்படியானால் நத்தைக்குச் சரியாகிவிட்டதா என்றாள். ஆகிவிட்டது என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆறு தொட்டிகள். மூன்றில் வெள்ளிதோறும் உலகம்மாள் அக்காவின் செம்புச் சொம்பு. மற்ற மூன்றில் அதே கடற்கரையில் அதே நேரம் பிடித்த நீர், பிளாஸ்டிக் குவளையிலிருந்து, ஊற்றுபவர் திரவியம். எது எந்தத் தொட்டி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தோம். ஈசானி மூலை பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அறிவியலுக்காகப் பொறுத்துக்கொண்டார்.

தன் மூன்று தொட்டிகளிலும் ஊற்றி முடித்தார். போகவில்லை. திரவியம் குவளையில் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்த மூணும் என்ன பாவம்ட்டி பண்ணுச்சு?"

ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும், அவற்றுக்கு எதுவும் கொடுக்காமல் இருப்பதுதான் அவற்றின் வேலை என்று விளக்கினேன். தலையாட்டினார். புரிந்தது, மனம் ஒப்பவில்லை. அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"ஊத்தல. தொடல. வாயால மட்டும் சொல்லலாமா?"

சொல்லில் செம்பு இருக்குமா என்று திரவியத்தைக் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, இருந்தாலும் தன் கருவியில் தெரியாது என்றார். அனுமதி கொடுத்தேன்.

மூன்று தொட்டிக்கும் தனித்தனியாக நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். நீண்ட நேரம் சொன்னார். என் பெயர் வந்தது. திரவியத்தின் பெயரும் வந்தது. திரவியம் குவளையைக் கழுவுவதில் தீவிரமாக இருந்தார். மூன்று முறை கழுவினார்.

இது ஆய்வுக்குத் தொடர்பில்லாதது. குறித்துக்கொள்ளவில்லை.